பின்னால் இன்னும் ஐந்து பேர்

மோட்டார் சைக்கிள் என்றால் வேலைக்குப் போவதற்கும், சந்தையில் வாங்கிய மரக்கறியை வீட்டில் சேர்ப்பதற்கும், அவசர வேளையில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவதற்கும் உரியது என்று எண்ணிப் பழகியவர்கள் எம்மவர். வீதியே இல்லாத இடத்தில் ஓட்டுவதற்கென்று ஒரு மோட்டார் சைக்கிளைப் பல்லாயிரம் டொலர் கொடுத்து வாங்குவதும், அதனை ஒரு பிக்கப் வண்டியில் ஏற்றி நூறு கிலோமீற்றர் கொண்டுபோய்ச் சேற்றிலும் மணலிலும் விழுந்தெழும்பி வீடு திரும்புவதும் அவர்களுக்குப் புத்தி பேதலித்தவர் செயலாகவே தோன்றும். எமக்கும் அப்படித்தான் தோன்றியது.

2019ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஒரு மாலை, ஸ்காபுரோவில் வசிக்கும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். எம்மைவிடப் பத்து வயது மூத்தவர். கிளிநொச்சியில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவர். அவருடைய இருபத்திரண்டு வயது மகன், தன் உழைப்பில் சேர்த்த காசில் ஒரு டேர்ட் பைக்கை வாங்கிக் கொண்டுவந்து அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் நிறுத்தியிருந்தான். வீட்டில் மூன்று நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"சேர், நீங்கள் படிப்பிச்ச ஆள். ஒருக்கால் வந்து அவனுக்குப் புத்தி சொல்லுங்கோ" என்றார் நண்பர்.

பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த காலத்திலேயே எமது புத்திமதியைக் கேட்டுத் திருந்திய மாணவர் எவரும் இருந்ததாக நினைவில்லை. ஆயினும் போனோம். பையன் எங்கள் இருவரையும் பொறுமையோடு கேட்டுவிட்டு, "மாமா, அப்பாவையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை ஒருக்கால் வந்து பாருங்கோ. பார்த்திட்டுப் பிழை எண்டால் நான் விக்கிறன்" என்றான். நியாயமான பேரம். ஒப்புக்கொண்டோம்.

வண்டியும் வித்தையும்

சனிக்கிழமை காலையில் நெடுஞ்சாலை 401இல் கிழக்கு நோக்கிப் போகையில், பையன் தன் வண்டியின் இலட்சணங்களை விளக்கிக்கொண்டு வந்தான். எம்மைப் போலவே இத்துறையை அறியாத வாசகர்களுக்காக அதன் சாரத்தைத் தருகின்றோம்.

டேர்ட் பைக் என்பது தேவையற்றவை அனைத்தும் கழற்றப்பட்ட மோட்டார் சைக்கிள். பெரும்பாலானவற்றில் திசைகாட்டும் விளக்கு இல்லை, கண்ணாடி இல்லை, பின்னிருக்கை இல்லை. வளர்ந்தவர் ஓட்டும் வண்டியே நூறு கிலோகிராம் அளவில்தான் நிறுக்கும். ரயர்களில் பல்லுப் பல்லாக இறப்பர்க் கட்டிகள் துருத்தி நிற்கும். அவை மண்ணைக் கவ்வும். காற்றும் வீதி வண்டிகளில் விடுவதிலும் பாதியளவுதான்; ரயர் தட்டையாகப் பதிந்தால்தான் வேரிலும் கல்லிலும் பிடி கிடைக்கும். சில்லுகள் ஏறத்தாழ முப்பது சென்ரிமீற்றர் மேலும் கீழும் அசையக்கூடியதாகச் சுருள்வில்லுகள் அமைந்திருக்கும். குழியில் இறங்குவது சில்லு; ஓட்டுபவரின் தலை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் போய்க்கொண்டிருக்கும்.

இந்த விளையாட்டின் பிறப்பிடம் இங்கிலாந்து. 1924இல் சரே மாவட்டத்துக் கேம்பர்லியில் நடந்த 'ஸ்கிராம்பிள்' எனும் போட்டியையே பலரும் தொடக்கமாகக் கொள்வர். பின்னர் பிரெஞ்சுக்காரர் அதற்கு 'மோட்டோகுரோஸ்' எனப் பெயரிட்டனர். மூடிய மண் சுற்றுப்பாதையில் குன்றுகளைத் தாண்டி ஓடும் பந்தயத்தை அப்பெயர் குறிக்கும். காட்டுக்குள் நீண்ட தூரம் ஓடும் தாங்குதிறன் போட்டிக்கு 'எண்டியூரோ' என்று பெயர்.

ரொறன்ரோவுக்கும் இதில் பழைய பங்குண்டு. பிரித்தானியப் பேரரசு மோட்டார் கழகம் என்ற சங்கம் இந்நகரில் 1928இலேயே தோன்றிவிட்டது. ஹாலிபேர்ட்டன் மேட்டுநிலக் காடுகளில் 1950களில் தொடங்கிய கோர்டுரோய் எண்டியூரோ, வட அமெரிக்காவின் பழைமையான போட்டிகளில் ஒன்று. சதுப்பு நிலத்தில் மரக்குற்றிகளைக் குறுக்காக அடுக்கி அமைத்த பழைய பாதைகளுக்கு, வரிவரியான அந்தத் துணியின் பெயரே வழங்கியது. போட்டியும் அதனையே தன் பெயராக்கிக்கொண்டது. மோட்டோகுரோஸ் பந்தயத்துக்கோ வால்ரனும், மணற்பாதைக்குப் பெயர்பெற்ற கோர்ட்லண்டும் ஒன்ராறியோவில் அறியப்பட்ட இடங்கள்.

பையனுக்குப் பந்தயத்தில் நாட்டமில்லை. அவன் காட்டுத் தடத்தில் தோழர்களோடு ஓட்டுபவன். இந்நாட்டில் டேர்ட் பைக் வைத்திருப்போரில் பலரும் அத்தகையோரே.

நட்டு வளர்த்த காடு

நாங்கள் சென்ற இடம் போர்ட் ஹோப் பட்டினத்துக்கு வடக்கேயுள்ள கனரஸ்கா காடு. பதினோராயிரம் ஏக்கர் அளவினது. உள்ளே நுழைந்ததும் ஓங்கி வளர்ந்த பைன் மரங்கள் வரிசை வரிசையாக நிற்கக் கண்டோம். காட்டு மரம் வரிசையில் நிற்பதில்லையே என்று யோசித்தபோதுதான், இது மனிதர் நட்ட காடு என்பது புரிந்தது.

அதன் கதை எம்மவர் அறியவேண்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு வந்து குடியேறியவர்கள் இயற்கைக் காட்டை வெட்டி விற்றனர். வெட்டிய நிலத்தில் பயிரிட்டனர். அடியிலிருந்ததோ பனியாறுகள் விட்டுச்சென்ற மணல். சில தலைமுறைகளில் மேல்மண் போய், மணல் பறக்கும் வெளியாயிற்று. விவசாயிகள் கைவிட்டுப் போயினர். தண்ணீரைப் பிடித்துவைக்க மரமில்லாததால் ஆறு பெருகிக் கீழேயுள்ள போர்ட் ஹோப்பை வெள்ளத்தில் ஆழ்த்தியது.

இரண்டாம் உலகப்போர் முடியும் முன்பே, 1944இல், இந்த ஆற்றுப் படுகை பற்றி ஏ. எச். ரிச்சர்ட்சன் என்பவர் தயாரித்த அறிக்கை வெளியானது. போருக்குப் பிந்திய காலத்தில் இந்நிலத்தை மீட்டெடுப்பது எப்படி என்பதே அதன் பொருள். போர்முனையிலிருந்து திரும்பும் வீரர்களுக்கு வேலை தேடித் தரும் எண்ணமும் அந்த ஆய்வின் பின்னால் இருந்தது. 1946இல் ஒன்ராறியோவில் ஆற்றுப்படுகைப் பாதுகாப்புச் சபைகளுக்கான சட்டம் வந்தது. கனரஸ்காச் சபையும் அவ்வாண்டே அமைந்தது. அதன்பின் நட்ட மரங்களே இன்று காடாகியிருக்கின்றன.

வடமராட்சியில் மணற்காட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. பறக்கும் மணலைக் கட்டிப்போட அங்கும் சவுக்கு மரங்களையே நட்டார்கள். போருக்குப் பின் நிலத்துக்கும் புனர்வாழ்வு தேவை என்று எண்ணிய ஓர் அரசாங்கம் ஓரிடத்தில் இருந்திருக்கிறது என்பதை மாத்திரம் இங்கே குறித்துவைக்கின்றோம்.

மணலை மரவேர்கள்தாம் பிடித்துவைத்திருக்கின்றன என்பதால், பல்லு ரயர் அதே மணலைக் கிளறுகின்றது என்ற குற்றச்சாட்டு எப்போதும் உண்டு. நடப்பவரும் குதிரையில் வருபவரும் இரைச்சலைப் பற்றி முறையிடுவர். அவர்களுடைய முறைப்பாடு பொய்யன்று. ஆகவேதான் இத்தகைய காடுகளில் மோட்டார் வண்டிகளுக்கெனச் சில பகுதிகளே ஒதுக்கப்படுகின்றன. பனி உருகி மண் இளகியிருக்கும் வசந்தகாலத் தொடக்கத்தில் தடங்களை மூடிவிடுவர். ஒன்ராறியோத் தடமோட்டுநர் கூட்டமைப்பு போன்ற சங்கங்களின் உறுப்பினர்கள் வாளும் மண்வெட்டியும் கொண்டு சம்பளமின்றித் தடங்களைச் செப்பனிடுவது வழக்கம். எங்களோடு வந்த ஆறு பேரில் மூத்தவர், இளைப்பாறிய வெள்ளைக்காரப் பாடசாலை ஆசிரியர் ஒருவர், அப்படி இரண்டு மரப்பாலங்கள் கட்டியவர். "ஓட்டுவது ஒரு நாள், பாதை திருத்துவது ஒரு நாள்" என்றார் சிரித்துக்கொண்டே.

எமக்குக் கிடைத்த அரைமணி

பார்த்துத் தீர்ப்புச் சொல்லவே போயிருந்தோம். ஆனால் அங்கே வண்டியும் கவச உடுப்பும் வாடகைக்குக் கொடுத்துப் பழக்குபவர்கள் இருந்தனர். பையன் கேட்டான்; நாம் மறுத்தோம்; மீண்டும் கேட்டான். யாழ்ப்பாணத்தில் வளாகத்துக்கு நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் போய்வந்தவர் நாம் என்ற வீறாப்பு உள்ளே கிடந்து உறுத்தவே, இறுதியில் இசைந்தோம். 230 சி.சி. கொள்ளளவுள்ள, சாதுவான வண்டி ஒன்று கிடைத்தது.

முழங்காலுக்குக் கீழே முழுவதையும் மூடும் சப்பாத்து, முழங்கால் கவசம், மார்புக் கவசம், கையுறை, கண்ணாடி, தலைக்கவசம் எல்லாம் அணிந்து நின்றபோது நண்பர் எம்மை மேலும் கீழும் பார்த்து, "சேர், கூத்துக்கு வெளிக்கிட்ட மாதிரிக் கிடக்கு" என்றார். மூன்று நாளில் அவர் சிரித்தது அதுவே முதல் தடவை என்று பின்னர் பையன் சொன்னான்.

முதல் பாடம், இருந்து ஓட்டக் கூடாது என்பது. மிதிகட்டையில் எழுந்து நின்று, முழங்காலைச் சற்று மடக்கி, வண்டியைக் கால்களுக்கிடையில் அசையவிட வேண்டும். இரண்டாவது பாடம், முன் சில்லைப் பார்க்கக் கூடாது. போகவேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். கல்லைப் பார்த்தால் கல்லில்தான் போய் மோதுவோம். மூன்றாவது பாடம் மணலுக்கானது. மணல் முன் சில்லைத் தன் விருப்பப்படி இழுக்கும். பயந்து வேகத்தைக் குறைத்தால் சில்லுப் புதைந்து விழுத்திவிடும். உடலைப் பின்னே சரித்து, வேகத்தைக் குறைக்காமல், கைப்பிடியை இறுக்காமல் விடவேண்டும்.

இரண்டு தடவை விழுந்தோம். மணல் மெத்தைபோல ஏந்திக்கொண்டது. மூன்றாவது சுற்றில் ஏதோ ஒன்று கூடிவந்தது. பைன் ஊசிகள் மூடிய ஒற்றைத் தடம், இரு தோள்களையும் உரசிப்போகும் மரங்கள், ஒரு ஏற்றம், அதன் உச்சியில் ஒரு கணம் வானம், மறுபுறம் இறக்கம், அடியில் மணல் வளைவு. வளைவுக்குள் வண்டி சரிந்தது, நாமும் சரிந்தோம், எழுந்தோம். வண்டி ஓட்டுகின்றோம் என்ற நினைவே அப்போது இல்லை.

அரைமணி நேரம். அந்த அரைமணியில் வாடகை நினைவுக்கு வரவில்லை. குடிவரவுக் காரியாலயத்துக் கடிதம் நினைவுக்கு வரவில்லை. ஊர் நினைவுக்கு வரவில்லை. அகதியாய் வந்தவருக்கு ஊர் நினைவுக்கு வராத அரைமணி என்பது எவ்வளவு அரியது என்பதை வாசகர்கள் அறிவார்கள். தடத்தில் அடுத்த பத்து மீற்றர் தவிர வேறெதற்கும் மனத்தில் இடமிருப்பதில்லை, இருந்தால் விழுந்துவிடுவோம். இந்தப் பைத்தியத்தின் மருந்துக்குணம் அதுதான் என்று எமக்குத் தோன்றியது.

மண்ணெண்ணெய்ப் புகை

வண்டியை நிறுத்தியதும் ஊர் திரும்பி வந்துவிட்டது. பக்கத்தில் எவரோ இரண்டடிப்பு இயந்திரம் ஒன்றை இயக்கினர். அதன் புகை நாசியில் ஏறியதும் நாம் பன்னிரண்டு வயதுச் சிறுவராகி, மாமாவின் எம்.டி. 90இன் பின்னால் ஏறியிருந்தோம்.

1990இன் பின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வரத் தடை. எம்மவர் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கினர். ஒரு சின்னப் போத்தலில் பொன்போலக் காத்துவைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபுரேற்றருக்குள் விட்டு உதைப்பார்கள். இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். வெள்ளைப் புகை ஒழுங்கை நிறைய எழும். 1993இல் வீதிகள் மூடப்பட்டுக் கிளாலிக் கடலேரியைக் கடந்தே வன்னிக்குப் போகவேண்டியிருந்த காலத்தில், மோட்டார் சைக்கிள்களும் வள்ளத்தில் ஏறின. அக்கரையில் செம்மண் தடங்களும் பற்றைக்காடும் வெள்ளவாய்க்கால்களும். மாமா எழுந்து நின்றுதான் ஓட்டுவார். விளக்குப் போடாமல் ஓட்டுவார். கனரஸ்காவில் எமக்குச் சொல்லித்தந்த மூன்று பாடங்களும் அவருக்கு எவரும் சொல்லித்தராமலே தெரிந்திருந்தன. ஒரு வேறுபாடு: அதனை அவர் ஒருநாளும் விளையாட்டு என்று சொன்னதில்லை.

அதே 1993இல்தான் தியத்தலாவையில், இராணுவக் கல்லூரியின் ஏற்பாட்டில், ஃபொக்ஸ் ஹில் மோட்டார்ப் பந்தயம் தொடங்கியது. எம்மிடம் பெற்றோல் துளிக்கணக்கில் இருந்த ஆண்டில், தெற்கில் மண்பாதைப் பந்தயம் படையினரின் திடலில் திருவிழாவாயிற்று. 2024 ஏப்ரல் 21 அன்று அங்கே ஒரு பந்தயக் கார் பாதையை விட்டுப் பார்வையாளர்மீது பாய்ந்ததில் ஏழு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒரு சிறுமியும் அடங்குவாள். பழைய கணக்குத் தீர்க்க இதனைச் சொல்லவில்லை. அந்த மரணம் எவருடையதானாலும் மரணமே. மண்பாதை எவருக்கும் நண்பனல்ல, பார்த்து நிற்பவருக்கும் கூட, என்பதற்காகச் சொல்கின்றோம்.

ஆசைப்படுவோர் அறியவேண்டியவை

இதனை வாசித்துப் பிள்ளைகள் ஆசைப்பட்டால், பெற்றோர் பின்வருவனவற்றை மனங்கொள்வது நன்று.

ஒன்ராறியோவின் வீதிப்புற வாகனச் சட்டத்தின்படி, டேர்ட் பைக் பதிவு செய்யப்பட வேண்டும். இலக்கத் தகடு பூட்டப்பட வேண்டும். சொந்தக் காணிக்கு வெளியே ஓட்டுவதானால் காப்புறுதி இருக்க வேண்டும். தலைக்கவசம் நாடிப்பட்டி பூட்டி அணிய வேண்டும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை, வண்டிச் சொந்தக்காரரின் காணியிலோ, வளர்ந்தவர் ஒருவரின் நேரடிக் கண்காணிப்பிலோ அன்றி ஓட்ட முடியாது. ரொறன்ரோவின் பூங்காக்களும் ஓடைப் பள்ளத்தாக்குகளும் இதற்கு உரிய இடமல்ல; அங்கே மோட்டார் வண்டி தடை. வெறுமையாகக் கிடக்கும் காணியும் எவருடையதோ காணிதான். அனுமதியின்றிப் புகுவது அத்துமீறல்.

காட்டுத் தடங்களுக்கு உறுப்புரிமையோ நாட்சீட்டோ வேண்டும். அனுமதிகள் காலத்துக்குக் காலம் மீளாயப்படுவதால், கடந்த பருவத்தில் திறந்திருந்த தடம் இந்தப் பருவத்தில் மூடியிருக்கலாம். புறப்படு முன் அந்தக் காட்டை நிர்வகிக்கும் சபையிடம் கேட்டறிவதே முறை. புகைபோக்கியில் தீப்பொறி தடுக்கும் வலை இருக்கின்றதா என்பதையும் பார்க்க வேண்டும். கோடையில் ஒரு பொறி போதும்.

செலவு சிறிதன்று. புதிய வண்டி பத்தாயிரம் டொலரை எட்டும், தாண்டும். கவச உடுப்பு வேறு. முதலில் வாடகைக்கு எடுத்து, பழக்குபவரிடம் ஒரு நாள் பழகிப் பார்ப்பதே புத்தி. உடுப்பில் மிச்சம் பிடிக்க வேண்டாம். தோள்பட்டை எலும்பு முறிவது இவ்விளையாட்டில் வழமை. அகதிக் கோரிக்கையாளரின் வைத்தியச் செலவுக்குக் கூட்டாட்சி அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் இருக்கின்றது; ஆனால் தொழிற்சாலையில் மணிக்கூலிக்கு நிற்பவர் கை தூக்க முடியாமல் வீட்டிலிருக்கும் வாரங்களின் வாடகையை அது கட்டாது.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். காட்டுக்குள் பொலிசார் இல்லை என்று எண்ணி, ஒரு பியர் குடித்துவிட்டு ஓட்டலாம் என்று எவரும் நினைக்கக் கூடாது. மதுபோதையில் மோட்டார் வண்டி ஓட்டுவது காட்டிலும் குற்றவியற் குற்றமே. 2018 டிசெம்பர் 18 முதல் அதற்கான உச்சத் தண்டனை பத்து ஆண்டாக உயர்த்தப்பட்டதால், குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் அது பாரதூரமான குற்றமாகிவிட்டது. பிரசாவுரிமை பெறாத ஒருவரின் நிரந்தர வதிவுரிமையே அதனால் ஆட்டங்காணலாம். கடல் கடந்து வந்து பெற்றதை ஒரு போத்தலுக்காகத் தொலைப்பதா?

விரல்கள்

மதியத்துக்குப் பின் அந்த ஆறு பேரும் நீண்ட தடமொன்றில் போயினர். நண்பரும் நாமும் வண்டிகள் போகாத நடைவழியால் சென்று, ஒரு தடம் இரண்டாகப் பிரியும் சந்தியில், சற்று விலகி நின்றோம். தூரத்தில் இரைச்சல் கேட்டது. முதலில் வந்தவன் பையன். எங்களைக் கண்டதும் இடது கையை உயர்த்தி ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டிவிட்டு, சந்தியைத் தாண்டி ஓரமாக நிறுத்தினான். அடுத்து வந்தவர் நான்கு விரல் காட்டினார். அடுத்தவர் மூன்று. பிறகு இரண்டு. பிறகு ஒன்று. கடைசியாக வந்த ஆசிரியர், கையை முட்டியாகப் பொத்திக் காட்டினார்.

"இதென்னடா கை விளையாட்டு?" என்று கேட்டார் தகப்பன்.

"அது விளையாட்டில்லையப்பா. எனக்குப் பின்னால இன்னும் அஞ்சு பேர் வருகினம் எண்டு முன்னால நிக்கிற ஆக்களுக்குச் சொல்லுறது. முட்டி எண்டால் எனக்குப் பின்னால ஒருத்தரும் இல்லை."

"ஏன் இதில நிப்பாட்டினனீ?"

"சந்தி வந்தால் நிக்கவேணும். பின்னால வாற ஆள் எங்கட கண்ணில படுமட்டும் முன்னால போகக் கூடாது. அவர் எந்தப் பக்கம் திரும்பிறதெண்டு தெரியாமல் துலைஞ்சு போயிடுவார் எல்லோ? கெட்டிக்கார ஆள்தான் கடைசியா வருவார். விழுந்த ஆளை அவர் விட்டிட்டு வரமாட்டார்."

குதிரையில் வருபவரைக் கண்டால் இயந்திரத்தை நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்றி வணக்கம் சொல்லவேண்டும் என்பது உட்பட, இன்னும் பல ஒழுங்குகளை அவன் விளக்கினான். நாம் குறிப்பெடுத்துக்கொண்டோம். நண்பர் எதுவும் பேசவில்லை. தடம் பிரியும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வருகையில் பையன் முன்னே தன் தோழனின் பிக்கப்பில் போனான். நண்பர் எமது காரில் இருந்தார். ஓஷாவா கடந்த பிறகே வாய் திறந்தார்.

1996இல் கிளிநொச்சியை நோக்கிப் படை நகர்ந்தபோது, அவர் கடையிலிருந்த எம்.டி. 90இல் தாயை ஏற்றிக்கொண்டு அக்கராயன் பக்கமாகப் புறப்பட்டார். பின்னால் சைக்கிளில் தம்பி. பதினேழு வயது. செல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு சந்தியில் தடம் இரண்டாகப் பிரிந்தது. தம்பி தன்னைக் கண்டு பின்தொடர்வான் என்று எண்ணி இவர் வலப்பக்கம் திரும்பினார். சனம் திரண்டு வந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்க இடமில்லை. தம்பி வந்து சேரவில்லை. அகதி முகாம்களாகிய பாடசாலைகளில் தேடினார்கள், பதிவுகளில் தேடினார்கள். இன்றைக்கும் ஒரு செய்தியும் இல்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் நண்பர் இதனை எமக்குச் சொன்னது அன்றுதான்.

"நிண்டிருந்தால் அம்மாவும் நானும் மிஞ்சியிருக்க மாட்டம், சேர். அது எனக்குத் தெரியும். எண்டாலும் நிக்கேல்லைத்தானே."

எமது படிப்பில் இதற்கு மறுமொழி இருக்கவில்லை. காரை ஓட்டிக்கொண்டிருந்தோம்.

மகன் மோட்டார் சைக்கிள் வாங்கியதில் அவருக்கிருந்த கோபம் காசைப் பற்றியதன்று, எலும்பு முறிவைப் பற்றியதுமன்று என்பதை அன்றே அறிந்தோம். காட்டுத் தடமும் மோட்டார் சைக்கிளும் அவருக்கு ஒரே ஒரு பொருளையே தந்துவந்தன. மகனுக்கு அவை வேறொரு பொருளைத் தருகின்றன. செல் விழாத காட்டில், பெற்றோலுக்குத் தட்டுப்பாடில்லாத நாட்டில், ஒவ்வொரு சந்தியிலும் நின்று பின்னால் வருபவரைப் பார்த்துப் போவதற்கு அவனுக்கு நேரமிருக்கின்றது. இந்தப் பொழுதுபோக்கில் எமக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி, ஏற்றத்து உச்சியில் ஒரு கணம் கண்ட வானமன்று; அவர்கள் அவசரமின்றிக் காத்து நின்ற அந்தச் சந்திதான்.

வண்டி விற்கப்படவில்லை. நண்பர் இன்றுவரை அதில் ஏறியதுமில்லை. அடுத்த வாரமே தரிப்பிடத்துக்கு இறங்கிப்போய், அதன் இயந்திரச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "காத்துக் கூடிப்போச்சு, பெற்றோல் காணாது" என்று சொல்லிக் காபுரேற்றரைக் கழற்றி வைத்துக்கொண்டு குந்தியிருந்தார் என்று பையன் எமக்குச் சொன்னான். தகப்பனும் மகனும் அன்றிரவு பத்து மணிவரை அங்கேயே இருந்தார்களாம்.

இப்போது மகன் காட்டுக்குப் போகும் சனிக்கிழமைகளில், நண்பர் தொலைபேசியில் அவனிடம் ஒரேயொரு கேள்விதான் கேட்பார். எத்தனை மணிக்கு வருவாய் என்றல்ல, விழுந்தாயா என்றுமல்ல.

"எல்லாரும் வந்திட்டினமோ?"